மயக்கம் தெளிந்த பின்பு



பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னவுடன் வியாதியஸ்தர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பல வருஷங்களாகக் கவனித்து வந்திருக்கிறோம். கத்தியைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. "மயக்கம் கொடுத்தா திரும்ப முழிப்பேனா ஐயா?" என்பதே பெரும்பாலோரின் கேள்வி. நடுக்கடலில் புயலைப் பார்த்தவர்களும்கூட இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தன் நினைவைப் பிறர் கையில் ஒப்படைப்பது அவ்வளவு லேசான காரியமல்ல.

நம்முடைய ஜெபக்குறிப்புகளும் அந்த ஒரு நாளைச் சுற்றியே இருக்கின்றன. "ஆபரேஷன் நல்லபடி முடிய ஜெபியுங்கள்" என்று சபையில் அறிவிக்கிறோம். முடிந்தது என்று போன் வந்தவுடன் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். கட்டிலில் இருக்கிறவருக்கோ பாடு அப்போதுதான் தொடங்குகிறது. குமட்டல், குளிர் நடுக்கம், தொண்டை வலி, தடுமாறும் புத்தி, காரணமில்லாத அழுகை என்று பலவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவை வரும் என்று முன்கூட்டி அறிந்த குடும்பம் தைரியமாக இருக்கிறது. அறியாத குடும்பம் கலங்கி, சில சமயம் செய்யத்தகாததையும் செய்துவிடுகிறது. ஆகவே இந்த இதழில் அந்த நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகப் படிப்போம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. கட்டிலருகே நின்று பார்த்ததையும், மயக்க மருந்து டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறோம். உங்கள் டாக்டர் உங்கள் சரீரத்தைப் பார்த்து வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

வலியில்லாத அறுவை வந்த விதம்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு மனிதனை ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்தார். அவன் அசைவற்றிருக்க, அவன் கழுத்துக் கட்டியை அறுத்தார்கள். அதற்கு முன்பு சாராயமோ அபினோ கொடுத்து, நாலு பேர் பிடித்துக்கொள்ள, கண்மூடித் திறப்பதற்குள் அறுத்து முடிக்கிறவரே கெட்டிக்கார வைத்தியர். வயிற்றைத் திறந்து நிதானமாகச் செய்யும் ஆபரேஷன் ஏறக்குறைய நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது.

மறு ஆண்டு, 1847 நவம்பரில், எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மைப் பயன்படுத்தத் தொடங்கினார். பிரசவ வேதனையைக் குறைப்பது தேவ சித்தத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். சிம்சன் அவர்களுக்கு வேதத்திலிருந்தே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவர் அவனை ஆழ்ந்து தூங்கச் செய்தாரே என்று சுட்டிக்காட்டினார். 1853-இல் விக்டோரியா மகாராணியே தம் பிரசவத்தில், டாக்டர் ஜான் ஸ்னோ கொடுக்க, குளோரோஃபார்மை ஏற்றுக்கொண்டார். சிம்சன் குளோரோஃபார்மைக் கையில் எடுத்த அதே 1847-இல்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற மிஷனரி வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். பின்பு மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினவர் அவர். இன்று இந்த விஷயங்களைத் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

இன்று கொடுக்கப்படுவது ஒரே மருந்தல்ல. உறங்கச் செய்ய நரம்பில் ஒரு ஊசி. பெரும்பாலும் பால்போல் வெண்மையாக இருக்கும் புரொப்போஃபால். உறக்கம் நீடிக்க சுவாசத்தோடு கலந்து செல்லும் வாயு. வலிக்கு ஒரு மருந்து. தசைகளைத் தளரச் செய்ய இன்னொன்று. தசைகள் தளர்ந்தால் தானாக மூச்சு விட முடியாது. எனவே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, மெஷின் மூலம் சுவாசம் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டிலேயே இருந்து நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பிராணவாயு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரலில் கிளிப் மாட்டி ஒளியைக் கொண்டு பிராணவாயுவை அளக்கிறார்கள். இதனால்தான் நகப்பூச்சையும் விரல் நுனி மருதாணியையும் பற்றி சிஸ்டர் கேட்கிறார். பிடிவாதத்தினால் அல்ல.

குளிரும் குமட்டலும்

கண் விழித்ததும் பலருக்கு முதலில் தெரிவது தொண்டை கரகரப்பு. குழாய் உரசியதால் வருவது அது. ஓரிரு நாளில் போய்விடும். அடுத்தது நடுக்கம். பல் கிட்டி, கட்டிலே ஆடும்படி சிலர் நடுங்குவார்கள். காய்ச்சல் என்று வீட்டார் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல் அல்ல. மயக்க மருந்து தோலருகே உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளின் சூடு தோலுக்கு வந்து வெளியேறிவிடுகிறது. தியேட்டரின் குளிரும் சேரும்போது, முதல் மணி நேரத்திலேயே உடலின் உள்சூடு ஒரு டிகிரி செல்சியஸ் அளவு குறைந்துவிடக்கூடும். இழந்த சூட்டைத் திரும்பப் பெறச் சரீரம் நடுங்குகிறது. நடுங்கும்போது பிராணவாயு அதிகம் செலவாகிறது. இருதயம் பலவீனமானவர்களுக்கு அது பாரம். கம்பளி போர்த்தி, தேவைப்பட்டால் ஊசியும் போடுவார்கள். கம்பளிப் போர்வை அனுப்பியவர்கள் உங்களில் உண்டு. அவை எங்கே போகின்றன என்று கேட்டிருந்தீர்கள். முக்கியமாக இங்கேதான் போகின்றன: தியேட்டரிலிருந்து வெளியே வரும் கதவருகே, அலமாரியின் கீழ்த்தட்டில்.

வாந்தியைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டும். "இன்னொரு தரம் ஆபரேஷன் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லும் பலருக்கு ஞாபகத்தில் நிற்பது வலியைவிட வாந்தியே. தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் மூன்று பேருக்கு இது வரும். யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்னதாகவே அறியலாம். ஜெர்மானிய டாக்டர் அப்ஃபெல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் நாலு அடையாளங்களைக் குறித்துக் கொடுத்தார்கள்: பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காதவராக இருத்தல், முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்திருத்தல் அல்லது பிரயாணத்தில் வாந்தி எடுக்கும் தன்மை, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுதல். ஒன்றும் இல்லாதவர்களில் பத்துக்கு ஒருவருக்கு வரும்; நாலும் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு வரும். (பீடி பிடிக்கிறவர்களுக்கு வாந்தி குறைவு என்பதை யாரும் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த லாபத்தை அவர்களுடைய நுரையீரல் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறது.)

ஆகவே பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் தேடுகிற நம் சகோதரிகள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகளை அவர் முன்கூட்டியே சேர்த்துக் கொடுப்பார். விழித்த பின் சட்டென்று எழுந்து உட்காருவதும், "தெம்பாக இருக்கும்" என்று ஒரு டம்ளர் காபியை ஒரே மூச்சில் குடிப்பதும் குமட்டலைக் கிளப்பிவிடும். சிஸ்டர் அனுமதித்த பிறகு ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் போதும்.

ஒளித்து வைக்கக்கூடாதவை

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பல கேள்விகள் கேட்பார். பல் செட் உண்டா, ஆடும் பல் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்பார். வெறும் வயிறாக இருக்கச் சொல்வது, மயக்கத்தில் உணவு மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிடாதபடிக்கே. "ரெண்டு இட்லிதானே, பிள்ளை பசியாக இருக்கிறான்" என்று மறைவில் ஊட்டிய பாட்டிமாரை அறிவோம். அந்த இரண்டு இட்லி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு கேள்வி, குடிப்பழக்கம் உண்டா என்பது. நம் சபைகளில் இதற்கு உண்மையான பதில் வருவது கடினம். சபை மூப்பர், வாலிபர் சங்கத்தில் பொறுப்பிலிருந்தவர், போதகரின் உறவினர் என்பார்கள். மனைவி தலைகுனிந்து "அதெல்லாம் இல்லை" என்பார். பக்கத்தில் நாங்கள் நிற்பதே அவர் அப்படிச் சொல்லக் காரணமாக இருக்கலாம் என்பதால், இந்தக் கேள்வி வரும் நேரத்தில் நாங்கள் வெளியே போய்விடுவது வழக்கம். தினமும் குடித்த சரீரத்துக்குத் திடீரென்று மது நின்றுபோனால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் வரும். முன்பே தெரிந்தால் தடுக்க மருந்து உண்டு. தெரியாவிட்டால் ஆபரேஷன் பிழைத்தும் ஆள் பிழைக்காமல் போகக்கூடும். சகோதரிகளே, எங்களிடம் சொல்ல வேண்டாம், சபையில் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புத்தி தடுமாறும் இரவுகள்

இந்தப் படிப்பை எழுதத் தூண்டியது இந்தப் பகுதியே.

கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர், வயது எழுபதுக்கு மேல். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. இரண்டாம் நாள் இரவு எங்களுக்கு ஆள் வந்தது. போனபோது அவர் கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கடலில் இறந்துபோன தம் அண்ணனோடு பேசிக்கொண்டு, வலையை எடுக்கும்படி அதட்டினார். மகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அப்பா இப்படிப் பேசவே மாட்டாங்க. செத்துப்போன பெரியப்பா வந்து பிடிச்சிருக்காங்க. ஜெபம் பண்ணி விரட்டுங்க ஐயா." மருமகன் அதற்குள் ஊருக்குப் போன் செய்து, பேய் விரட்டுகிற ஒருவரைக் காரில் அழைத்துவர ஏற்பாடு செய்துவிட்டார்.

நாங்கள் முதலில் இரவு டியூட்டி சிஸ்டரைக் கூப்பிட்டோம். அன்று காலையில்தான் மூத்திரக் குழாயை எடுத்திருந்தார்கள். சிஸ்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கவிழ்த்த சட்டிபோல் மேடாக இருந்தது. பிராணவாயுவின் அளவைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், டாக்டருக்குச் சொன்னார். திரும்பவும் குழாய் போட்டபோது முக்கால் லிட்டர் போல் மூத்திரம் வெளியேறியது. பேச முடியாமல், கேட்க முடியாமல் அந்த மனிதர் அந்த வேதனையோடு படுத்திருந்திருக்கிறார். கேட்க முடியாமல் என்று சொல்லக் காரணம் உண்டு: அவருடைய காது மெஷின் தியேட்டருக்குப் போகுமுன் கழற்றப்பட்டு மகளின் டிபன் கேரியரிலேயே கிடந்தது. கண்ணாடியும் அப்படியே. இரண்டையும் மாட்டிவிட்டு, பெரிய விளக்கை அணைத்து, மகளை அவர் பார்வையில் படும்படி உட்கார வைத்தோம். பின்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், சுருக்கமாக ஜெபித்தோம். காரில் வந்தவரை வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பி வைத்தோம். விடியற்காலையில் பெரியவர் காபி கேட்டார். அண்ணனைப் பற்றி அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

எல்லோருக்கும் ஒரே இரவில் சரியாகிவிடுவதில்லை. சிலருக்கு நாட்கள் ஆகும், வாரங்களும் ஆகும். இதற்குப் பேய் காரணமல்ல, பைத்தியமும் அல்ல. வயதான மூளை ஆபரேஷனின் அதிர்ச்சி, மருந்துகள், தூக்கமின்மை, வலி, நீர்ச்சத்துக் குறைவு, கிருமித் தொற்று, மலச்சிக்கல், மூத்திர அடைப்பு ஆகிய இவற்றில் ஒன்றாலோ பலவற்றாலோ தற்காலிகமாகத் தடுமாறுகிறது. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதே சிகிச்சை. கட்டிப்போடுவது கலக்கத்தைக் கூட்டும்.

இதில் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. கூச்சலிடாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடப்பார்கள். "பாவம், நன்றாகத் தூங்குகிறார்" என்று சந்திக்கப் போனவர்கள் திரும்பிவிடுவார்கள். இதுவும் டெலிரியமே, கண்டுகொள்ளப்படாமல் போவதால் அதிக ஆபத்தானது. நேற்றுப் பேசியவர் இன்று பேசவில்லை என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

வேறொரு குறையும் மெதுவாக வெளிப்படும். வீட்டுக்குப் போன பின் கணக்கு தப்புகிறது, தெரிந்த பெயர் வாயில் வரவில்லை, இரண்டு வரி படித்தால் மூன்றாவது வரியில் மனம் நிற்பதில்லை. 1998-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1200-க்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து நாலில் ஒருவருக்கும், மூன்று மாதம் கழித்துப் பத்தில் ஒருவருக்கும் நினைவிலும் கவனத்திலும் குறைவு இருந்தது. பெரும்பாலோருக்கு நாளடைவில் தெளிகிறது. "அப்படியானால் முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டுச் செய்யுங்கள்" என்று பிள்ளைகள் வற்புறுத்துவதுண்டு. 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த வகையானாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம் வந்தது. வித்தியாசம் காணப்படவில்லை. எனவே எந்த மயக்கம் என்பதை டாக்டரின் தீர்மானத்துக்கு விட்டுவிட்டு, காது மெஷினையும் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து "நான் யார் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாவிட்டால் அவர் வெட்கப்படுகிறார். சுற்றி நிற்கிறவர்கள் அழுகிறார்கள். "அண்ணே, நான் உங்க தங்கச்சி வீட்டுக்காரர், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கேன். இன்னிக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் சூழ்ந்து நின்று பாட்டுப் பாடுவதைக் காட்டிலும் ஒருவர் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பது அவருக்கு நல்லது. இதே ஆபரேஷனில் இறந்துபோன உங்கள் சித்தப்பாவின் கதை அவசியமில்லை.

மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, அடுப்படியில் நிற்கக்கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. புத்தி தெளியாதவருக்கு இந்தக் கெடு இன்னும் நீளும். ஆபரேஷன் ஆன இரண்டாம் நாளே முத்திரைத்தாளும் மைப்பெட்டியுமாக வார்டுக்குள் வந்த உறவினரை நாங்கள் கண்டிருக்கிறோம். சிஸ்டர் அவரை வெளியே அனுப்பிய விதம் இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

முதுகு ஊசியும் முதுகு வலியும்

"பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில ஊசி போட்டாங்க, அதிலிருந்து முதுகு வலி போகவில்லை" என்று சொல்லாத தாய்மார் நம் ஊர்களில் அபூர்வம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவு இருப்பது உண்மை. வருஷக்கணக்காக நீடிக்கும் வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்ப காலத்தில் தளர்ந்த மூட்டுகள், குனிந்து பால் கொடுப்பது, குடம் தூக்குவது, வயிற்றுத் தசைகள் பலமிழப்பது ஆகியவை அந்த வலிக்குக் காரணமாக இருக்கின்றன. ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதே வலி வருகிறதே! தவறான இந்தப் பயத்தினால் தனக்கு ஏற்ற மயக்க முறையை மறுக்கிறவர்கள் இருப்பதால் எழுதுகிறோம்.

ஊசியால் நிச்சயமாக வரக்கூடிய ஒன்று தலைவலி. ஓரிரு நாளில் தொடங்கும். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். ஊசி போட்ட துவாரத்தின் வழியே தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசிவதால் வருகிறது. மெல்லிய ஊசிகள் வந்தபின் இது குறைந்துவிட்டது. பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானே சரியாகும். கடுமையானால் வியாதியஸ்தரின் சொந்த ரத்தத்தில் சிறிதளவு எடுத்து அந்த இடத்தருகே செலுத்தி அடைக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

வலியைச் சகிப்பது

நம் ஜனங்கள் வலியைச் சகிப்பதைப் பக்தியாக எண்ணுகிறார்கள். "எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டால் "ஆண்டவர் பட்டதைவிடவா?" என்பார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கனம்பண்ணுகிறோம். ஆனாலும் இந்தச் சகிப்பு அவர்களுக்குக் கேடு செய்கிறது. வயிற்றில் தையல் வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார்கள், இருமவும் மாட்டார்கள். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா பிடிக்கிறது. வலியைப் பயந்து நடக்காதவர்களின் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும். வலி மருந்து கேட்பது இவற்றைத் தடுக்கவே. சில நாள் கொடுக்கும் ஊசியால் அடிமையாகிவிடுவோமோ என்ற பயம், டாக்டரின் மேற்பார்வையில் தேவையில்லை. வயதானவர்களிடம் எங்கள் சிஸ்டர் ஒருவர் "பாட்டி, பதினாறு அணா வலியா, எட்டணா வலியா?" என்று கேட்பார். பாட்டிமார் அதற்குத் துல்லியமாகப் பதில் சொல்வதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்கிறோம்.

இருமும்போது சிறு தலையணையை வயிற்றின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் தையல் அசைவது குறையும். மூன்று பந்துகள் உள்ள கருவியைக் கொடுத்து உறிஞ்சச் சொல்வார்கள். விளையாட்டுச் சாமான்போல் இருந்தாலும் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் செய்ய வேண்டிய வேலை அது.

பத்தியம் என்ற பெயரில்

டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட் 1990-களில் ஒன்றை எடுத்துக் காட்டினார். குடல் ஆபரேஷன் ஆனவர்களையும் வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் உணவு கொடுத்து, சீக்கிரம் நடக்க வைத்தால், விரைவில் சுகமாகி வீடு திரும்புகிறார்கள். இன்று உலகெங்கும் பல ஆஸ்பத்திரிகள் அந்த வழிக்கு வந்துவிட்டன. டாக்டர் ரவுண்ட்ஸில் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். மயங்கிக் கிடந்த குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. சர்ஜிக்கல் வார்டில் இதைவிட நல்ல செய்தி குறைவு.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், பருப்பு கொடுத்தால் புண் ஆறாது, மீன் ஆகாது, தண்ணீர் குடித்தால் தையல் ஊறிவிடும் என்று ரசம் சாதத்திலும் பிரெட்டிலும் மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். புண்ணை மூடும் சதை முட்டையிலும் பருப்பிலும் மீனிலும் பாலிலும் உள்ள புரதத்தால் உண்டாகிறது. அதை நிறுத்திவிட்டுப் புண் ஏன் ஆறவில்லை என்று கேட்கிறோம். சீழ் பிடிப்பது கிருமியால். கட்டுப்படாத சர்க்கரை அதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்பதும் அப்படியே. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். மருமகள் ஊட்டும் ஒரு கிண்ணம் பருப்புச் சாதமும் ஒரு முட்டையும் அதைவிட அதிக பலம் தரும், டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு.

வீட்டுக்குப் போன பின்

தையல் பிரித்ததும் சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே உள்ள தையல் உறுதிப்பட இன்னும் நாள் ஆகும். பெரிய வயிற்று ஆபரேஷனானால் ஏறக்குறைய ஆறு வாரம் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எதையும் தூக்கக்கூடாது என்பார்கள். நடப்பதை மட்டும் நிறுத்தக்கூடாது. வலி மருந்தால் மலம் கட்டும். தண்ணீர், பழம், கீரை சேர்த்து, தேவையானால் மருந்தும் கேளுங்கள். முக்குவது தையலுக்கு நல்லதல்ல.

சோர்வு பல வாரங்கள் இருக்கும். அதோடு மனமும் தளரும். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, காரணமில்லாமல் கண்ணீர் வரும். இருதய ஆபரேஷன் ஆனவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, தான் மட்டும் அழுகிறோமே, விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று தங்களைத் தாங்களே குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். ஒரு தாயார் எங்களிடம், "சாட்சி சொல்லச் சொல்லி கூப்பிடுறாங்க ஐயா, எனக்கு எழுந்து நிற்கவே மனசில்லை" என்றார். சாட்சி அடுத்த மாதம் சொல்லலாம், இப்போது படுத்துத் தூங்குங்கள் என்றோம். சபையார் இதில் அவசரப்படுத்த வேண்டாம். சரீரம் அடிபட்டால் மனமும் அடிபடுகிறது; தூக்கமும் உணவும் நடையும் திரும்ப, அதுவும் திரும்பும். இரண்டு வாரத்துக்கு மேலும் இருள் விலகாமல், சாப்பாடும் உறக்கமும் போய், உயிரோடிருப்பதே பாரம் என்ற பேச்சு வந்தால் டாக்டரிடம் கொண்டு போங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

காத்திருக்கக்கூடாதவை சில உண்டு. காய்ச்சல் ஏறினாலும், தையலைச் சுற்றிச் சிவந்து சூடாகி சீழ் வந்தாலும், தையல் விட்டு வாய் திறந்தாலும், வாந்தி நிற்காமல் வயிறு உப்பினாலும், ஏழெட்டு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும் நெஞ்சு வலித்தாலும், நள்ளிரவானாலும் ஞாயிறு ஆராதனை நேரமானாலும் உடனே புறப்படுங்கள். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அட்டையோடும் கையில் எடுத்து வாருங்கள்.